கோழியக்காவின் பீரோ

கடலோடு போகிற புயல் என்றால் எங்கள் ஊருக்கு எப்போதும் ஒரு குழப்பம். நேராக வந்து மோதுகிற புயல் என்றால் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடலாம். ஒன்றுமே வராது என்றால் கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம். இது இரண்டும் இல்லை. கரைக்கு வராது, சும்மாவும் போகாது. கல்யாணத்துக்குக் கூப்பிடாத பங்காளி வாசலில் நின்று கத்திவிட்டுப் போவது போலத்தான் போகும். இதற்கு எவ்வளவு பயப்படுவது என்று தெரியாமல் பாதிப் பேர் அளவுக்கு மீறிப் பயப்படுவார்கள், மீதிப் பேர் அலை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

அன்று காலையிலிருந்தே ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாக வந்தது. புயல் கரையைத் தொடாமல் நடுக்கடலிலேயே வடக்கு நோக்கி நகரும். மதியத்துக்கு மேல் காற்று பலக்கும். விட்டு விட்டு மழை அடிக்கும். அலை உயர்ந்து தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறலாம். காற்று வேகம் கூடினால் முன்னெச்சரிக்கையாக மின்சாரம் நிறுத்தப்படும். வேடிக்கை பார்க்கக் கடற்கரைக்குப் போகாதீர்கள். அறிவித்தவருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஒவ்வொரு முனையிலும் இரண்டு தடவை சொன்னார். ஊரை அவருக்குத் தெரியும்.

ஊரும் கொஞ்சம் கேட்கத்தான் செய்தது. தொட்டிகளில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். தகரக் கூரைமேல் மணல் மூட்டை ஏற்றினார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினார்கள். ரொட்டிக் கடையில் பத்து மணிக்கெல்லாம் ரொட்டி தீர்ந்து, அடுப்பில் கருகிய ஓரத் துண்டுகளுக்கும் ஆள் நின்றது. தையல்காரம்மா தன் கடைப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். போன புயலில் அது பறந்துபோய் மீன் மார்க்கெட்டில் விழுந்ததையும், இவள் தேடிப் போனபோது ஒருத்தன் அதன்மேல் மீன் வெட்டிக்கொண்டிருந்ததையும் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னாள். கேட்காதவர் யாரும் தெருவில் இல்லை. ஆனாலும் கேட்டார்கள். காத்திருக்கிற நேரத்தில் பேச ஏதாவது வேண்டுமே.

எல்லோரும் காற்றுக்கும் தண்ணீருக்கும் பயந்தபோது, தையல்காரம்மாவின் எதிர்வீட்டுக்காரி அந்த அறிவிப்பில் வேறொரு வரிக்குப் பயந்தாள். மின்சாரம் நிறுத்தப்படும் என்ற வரிக்கு. அவளைத் தெருவே கோழியக்கா என்று கூப்பிடும். ஒரு குஞ்சைக்கூட அவள் இன்னும் பொரித்துக் காட்டவில்லை. அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பெயர் வைக்க யாரும் காரியம் முடிகிறவரை காத்திருப்பதில்லை.

அதற்குமுன் அவள் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தாள். விடியற்காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கை. முதலில் விரல் நுனி மரத்துப்போகும், பிறகு மணிக்கட்டு வரை மரத்துப்போகும், வீட்டுக்கு வந்து வெந்நீரில் கை வைத்தால் அது சுடுகிறதா என்பதுகூடத் தெரியாது. ஒரு நாள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவிட்டு, தோல் உரிந்து தொங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கத்தினாள். அந்த வாரமே வேலையை விட்டாள். சுற்றுவட்டாரத்தில் கோழி வளர்ப்பவர்கள் குஞ்சுக்கு அலைவதை அவள் கவனித்திருந்தாள். லைன்மேனாக இருக்கும் தம்பியிடம் சொன்னாள். அவன் பழைய மரப்பீரோ ஒன்றைக் கொண்டுவந்து, உள்ளே கம்பித் தட்டுகள் அடித்து, பல்புகளும் ஒரு சின்ன ஃபேனும் மாட்டி, கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் பதித்து, அடியில் தண்ணீர் வைக்க இழுப்பறையும் மேலே காற்றுக்கு ஓட்டைகளும் போட்டுக் கொடுத்தான். அடைகாக்கும் பெட்டி என்றெல்லாம் அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பீரோதான்.

முதல் தடவை சூடு கூடிப்போய் எல்லாம் கூமுட்டை. இரண்டாவது தடவை குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டைக் கொத்த ஆரம்பித்திருந்தது. அந்த ஆசையில் புருஷனும் பெண்சாதியும் மாற்றி மாற்றிக் கதவைத் திறந்து பார்த்தே கெடுத்தார்கள். கடைசி நாட்களில் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற ஈரச்சூடு போய்விடும், ஓட்டுக்குள் இருக்கும் தோல் காய்ந்து குஞ்சை இறுக்கிக்கொள்ளும் என்று பிறகுதான் தெரிந்தது. இது மூன்றாவது தடவை. அவள் புருஷனிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"ஷெட்டுல மேஸ்திரி இந்த மாசம் முடியறவரைக்கும் என் இடத்தை வெச்சிருக்கேன்னிருக்காரு. இந்தத் தடவையும் போச்சுன்னா பீரோவுல துணிய அடுக்கிட்டு நான் கிளம்பறேன். அப்புறம் முட்டைங்கற பேச்சே இந்த வீட்டுல கூடாது."

புருஷன் தலையாட்டினார். அவருக்கு ஊரில் பார்சல் என்று பெயர். லாரி ஆபீசில் சரக்குக் கட்டும் வேலையில் பல வருஷம் இருந்தவர். ஒரு டம்ளரைக் கொடுத்தாலும் நாலு சுற்றுத் தாள் சுற்றி, குறுக்கே கயிறு போட்டு, முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். அவர் கட்டியதை அவிழ்க்கக் கத்தியோடு போக வேண்டும்.

அன்று விடியும்போதே பீரோவுக்குள் சத்தம் கேட்டது. ஓட்டுக்குள்ளிருந்தே கத்துகிற மெல்லிய சத்தம். அவள் மரக்கதவில் காதை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கி வண்டி வந்தது.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். தெருக் கம்பியை உரசிக்கொண்டிருந்த கிளைகளை வெட்டிப் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் இலைத் துணுக்கோடு டீக்கு வந்தான்.

"உள்ள வந்து கேளுடா. கத்துது."

"எத்தனை கத்துது?"

"எண்ணவா முடியும்? கல்யாண வீடு மாதிரி இருக்கு."

அவன் குனிந்து காதை வைத்தான். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏய், நிஜமாத்தாங்க்கா!"

"பின்ன என்ன பொய்யா சொல்லுவேன்? நாளைக்குள்ள வெளிய வந்துடும். அதுவரைக்கும் சூடு இறங்காம இருக்கணும், அவ்வளவுதான்."

அவன் நிமிர்ந்தான். டீயை வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தான்.

"என்னடா வாய மூடிக்கிட்ட?"

"ஆபீஸ்லேர்ந்து போன் வரும்க்கா. வந்ததும் கரண்ட நிறுத்தணும்."

"ஊர் பூராவும் ஒரே நேரத்துலயா?"

"இல்ல. ஒவ்வொரு லைனா."

"அப்ப எங்க லைனக் கடைசியா நிறுத்து."

"உங்க லைனும் கடற்கரைத் தெரு லைனும் ஒண்ணுக்கா. தண்ணி முதல்ல ஏறுறது அங்கதான். கம்பி வேற அந்த வளைவுல தொங்கிக்கிட்டு நிக்குது."

"அங்க யாருடா இருக்கப்போறாங்க? காலையிலேயே எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயாச்சு. காக்கா குருவிகூட இல்ல."

"இல்லன்னு யாரு பாத்தா?"

"ஏண்டா, உன்னத் தூக்கி வளத்தவ கேக்குறேன். ஊரான் கேட்டா யோசி. கடைசியா நிறுத்தறது உன் கையில இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப செய்யி."

அவன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்து, டம்ளரை அலம்பி வைத்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அக்கா அதைச் சரி என்றே வைத்துக்கொண்டாள். தம்பி என்றால் அப்படித்தான் வைத்துக்கொள்ளத் தோன்றும்.

"பாவம், அவனப் போட்டு ஏன் வதைக்கிற?" என்றார் பார்சல்.

"நீங்க சும்மா இருங்க. ஜெனரேட்டர் வெச்சுக்க நாம என்ன ஐஸ் கம்பெனியா? இருக்கறது ஒரு தம்பி. அவனக் கேக்காம யாரக் கேக்கறது?"

அவருக்கு வாசலில் அடுக்க இன்னும் மணல் மூட்டை வேண்டியிருந்தது. எடுத்துட்டு வர்றேன் என்று கிளம்பினார். மணலை மேட்டு முனையில்தான் கொட்டி வைத்திருந்தார்கள். அவர் எந்தப் பக்கம் போனார் என்று அவள் பார்க்கவில்லை, பீரோவுக்குப் போய்விட்டாள்.

காற்று அப்போதுதான் கிளம்பியது. முதலில் ஒரு கூரையில் தகரம் தட்டியது. பிறகு தெரு முழுக்கத் தட்டியது. வானம் கடல்பக்கம் கறுத்து, ஊர்ப்பக்கம் வெளிறி இருந்தது. மதியம்கூட ஆகவில்லை. பீரோவுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் இரைச்சல் நின்றது. கண்ணாடிச் சதுரத்தில் தெரிந்த மஞ்சள் வெளிச்சமும் போனது.

அவள் வாசலுக்கு ஓடினாள். அடுத்த தெருக் கடைகளில் விளக்கு எரிந்தது. தூரத்தில் ஐஸ் கம்பெனியின் நெற்றி விளக்கும் எரிந்தது. இந்தத் தெரு மட்டும்தான் இருட்டு. தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"கடைசியா நிறுத்துடான்னு கேட்டா, முதல்ல எங்க லைனத்தான் புடுங்கியிருக்கான்," என்றாள் எதிர்வாசலில் நின்ற தையல்காரம்மாவிடம். "கூடப் பொறந்தவன். அவன் கையால செஞ்சு குடுத்துட்டு அவன் கையாலயே கொன்னுட்டான்."

"அவனுக்கு என்ன கஷ்டமோ. ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க."

"ஆபீஸ் இவன் அக்காவ மட்டும் தேடிப் புடிச்சு சொல்லுச்சாக்கும்! இந்த வாசலை மிதிக்கட்டும், பாத்துக்கறேன்."

அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய பானையில் தண்ணீர் ஏற்றினாள். பீரோவின் கதவைத் திறக்கக்கூடாது. அடி இழுப்பறையைத் திறக்கலாம். கொதித்த தண்ணீரைத் தகர டப்பாக்களில் ஊற்றி மூடி இழுப்பறைக்குள் வைத்தாள். ஆறினதை எடுத்து வேறு வைத்தாள். டார்ச்சைக் கண்ணாடிச் சதுரத்தில் அடித்து வெப்பமானியைப் பார்த்தாள். கொஞ்சம் இறங்கி, பிறகு நின்றது. உள்ளே கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தையல்காரம்மா வெட்டுத்துணிகளை ஒட்டித் தைத்த கனத்த மெத்தை விரிப்புகளை ஒரு சுமை தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் வாடிக்கைக்காரங்க துணி. பாத்துப் போத்து. குஞ்சு அசிங்கம் பண்ணினா நீதான் துவைக்கணும்."

"பண்ணட்டும்க்கா. பத்து தடவ துவைக்கிறேன்."

அவர்கள் பீரோவின்மேல் முதல் விரிப்பைப் போடும்போது பார்சல் திரும்பி வந்தார். தொடைவரை நனைந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கையில் மூட்டையும் இல்லை.

"எங்கங்க மூட்டை?"

"கிடைக்கல."

"மழையே இன்னும் வரல, எப்படி இப்படி நனைஞ்சீங்க?"

"ஓடைப் பக்கம் வழுக்கிடுச்சு. நீ தள்ளு, இதை நான் பாத்துக்கறேன்."

வாங்கிய விரிப்பு அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குளிர் என்று அவள் நினைத்தாள். உலர்ந்த துணி மாற்றிக்கொள்ளக்கூட நிற்காமல் அவர் வேலையில் இறங்கினார். அன்று அவர் கட்டியதுபோல் லாரி ஆபீசில்கூட ஒரு நாளும் கட்டியிருக்க மாட்டார். பீரோவுக்கு நாலு பக்கமும் விரிப்பு, தலைக்குமேல் இரட்டை விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், சுற்றிக் கயிறு, ஓரமெல்லாம் டேப். இழுப்பறைக்கும் கண்ணாடிச் சதுரத்துக்கும் மட்டும் வழி விட்டார். பிறகு அறையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்தார். வாசற்கதவின் அடியில் சாக்கைச் சுருட்டித் திணித்தார். கதவின் மூன்று ஓரமும் டேப். கதவுக்கு முட்டாக மேசை.

"ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது," என்றார். "இந்த வீட்டுக்குள்ள இனி ஒண்ணும் வராது."

அதை அவர் சொன்ன விதம் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அவளுக்கு அப்போது அதையெல்லாம் கவனிக்கக் காது இல்லை.

மதியத்துக்குமேல் புயல் எங்களைக் கடந்தது. கடந்தது என்றால், எங்களுக்கு எட்டாத தூரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் கடந்தது. அதன் ஓரத்தில் தொங்கிய மழை மட்டும் எங்கள்மேல் விழுந்தது. மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் சுவரை அறைந்தது. சற்று ஓயும், அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி அறையும். அதற்கெல்லாம் அடியில் கடலின் சத்தம், பாரவண்டி பாலத்தில் போவது போல் விடாமல். தெருவின் தாழ்ந்த முனைக்குத் தண்ணீர் வந்தது. மின்கம்பத்தின் அடியை நனைத்துவிட்டு, மேலே வரலாமா என்று யோசிப்பது போல் அங்கேயே நின்றது.

அடைத்த அறைக்குள் அவர்கள் மூன்று பேரும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கும் இருந்தார்கள். தன் வீட்டுக் கூரைமேல் நம்பிக்கை இல்லாததால் தையல்காரம்மாவும் அங்கேயே தங்கிவிட்டாள். வேகவைத்த உருளைக்கிழங்கை உப்புத் தொட்டுத் தின்றார்கள். உண்மையில் தின்றது தையல்காரம்மா ஒருத்திதான். பார்சல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோழியக்கா கொல்லைப்புற அடுப்புக்கும் பீரோவுக்கும் நடந்தாள். போகும்போதும் வரும்போதும் அவர் நடுக்கதவை இறுக்கிச் சாத்தினார்.

ஒரு தடவை இழுப்பறையை மூடிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"கத்தல."

"என்ன?"

"சத்தம் கேக்கல. கொஞ்ச நேரம் முன்னாடி கேட்டுச்சு. இப்ப கேக்கல."

மூன்று பேரும் பீரோவின் விரிப்பில் காதை வைத்தார்கள். மழைதான் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தாள். வெப்பமானி சரியாகத்தான் காட்டியது. காலையில் விரிசல் விட்ட முட்டைகள் அதே விரிசலோடு கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

"காத்து சத்தத்துல கேக்காம இருக்கும்," என்றார் பார்சல்.

"இல்லங்க. சூடு இறங்கினப்பவே உள்ள குளிர் தாக்கியிருக்கும்." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. மூணாவது தடவையும் போச்சு. மழை விட்டதும் மேஸ்திரியைப் பாத்து நான் வர்றேன்னு சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. தனக்காக அழுதாளா உள்ளே இருந்தவற்றுக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. தையல்காரம்மா அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். பேசாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். அன்று பேசாமல் இருந்தாள். விளக்கு மங்கலாக எரிந்தது. தலை கனத்தது. அழுததால் என்று கோழியக்கா நினைத்தாள்.

பொழுது சாய்வதற்கு முன், மழை ஓய்ந்த ஓர் இடைவெளியில், கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"நாந்தாங்க்கா."

கோழியக்கா எழுந்து நின்றாள். கதவிடம் போகவில்லை.

"பிள்ள நனையறான், தொற," என்றாள் தையல்காரம்மா.

"நனையட்டும். நல்லா நனையட்டும்."

பார்சல் ஒன்றும் கேட்காமல் போய் மேசையை நகர்த்தினார். சாக்கை உருவினார். டேப்பைப் பிய்த்தார். அவர் ஒட்டியது அவருக்கே வரவில்லை. வெளியே தம்பி நிற்க, உள்ளே இவர் நகத்தால் சுரண்ட, தையல்காரம்மா தன் கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். கதவு திறந்ததும் ஈரக்காற்று ஒன்று உள்ளே பாய்ந்து விளக்கை அணைத்தது.

தம்பி மழைச்சட்டையோடு சொட்டச் சொட்ட நின்றான். அக்கா வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"எதுக்கு வந்த? முதல் ஆளா எங்க வயித்துல அடிச்சியே, அடி பலமா விழுந்துச்சான்னு பாக்க வந்தியா?"

"மாமாவப் பாக்க வந்தேன்."

"அவருக்கு என்ன? அவரு கல்லு மாதிரி இருக்காரு."

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா கண்ணால் வேண்டாம் என்றார்.

"நீங்க சொல்லலையா மாமா?"

"என்னத்தச் சொல்லல?" என்றாள் அவள்.

தம்பி மெதுவாகத்தான் சொன்னான். "கடற்கரைத் தெருவுல படகு இழுக்க ஆள் பத்தலன்னு கூப்பிட்டிருக்காங்க. மாமாவும் போயிருக்காரு. எல்லாரும் முழங்கால் தண்ணியில நின்னு இழுத்துட்டு இருந்தாங்க. அந்த வளைவுல கம்பி அறுந்து தண்ணியில விழுந்துச்சு."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப?"

"நான் நிறுத்திக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஒரு டீ குடிக்கிற நேரம்."

கதவு காற்றில் சுவரோடு தட்டியது.

"ஆபீஸ்லேர்ந்து போன்கூட வரலக்கா அப்ப. நானாத்தான் நிறுத்தினேன். அதுக்கு என்ன கேப்பாங்களோ தெரியாது."

"இவரு அங்க நின்னது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாரோ ஆளுங்க நிக்கிறாங்கன்னு தெரியும். அது போதாதா?"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் சின்னப் பையன் மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"கம்பி என் கால்ல பட்டுச்சு," என்றார். "பாம்புன்னு நினைச்சேன். அப்புறம்தான் என்னன்னு பாத்தேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல."

அவள் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி வைக்கக் கையை ஓங்கி, அந்தக் கையாலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஓடையில வழுக்கினாராம்! இந்தக் குஞ்சு என்ன, கோழி என்ன, எல்லாம் நாசமாப் போகட்டும்," என்றாள். "நீங்க இல்லன்னா எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" பிறகு தம்பியிடம், அவன் முகத்தைப் பார்க்காமல், "உள்ள வாடா. தல துவட்டிக்க," என்றாள்.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். பழக்க தோஷம், பார்சல் கதவைச் சாத்திச் சாக்கை எடுத்தார்.

"மாமா, சாத்தாதீங்க, புண்ணியமாப் போகும். எப்படி இதுக்குள்ள இருக்கீங்க? மூச்சு முட்டுது."

அவள் துண்டை நீட்டிய கையோடு நின்றுவிட்டாள்.

"என்ன சொன்ன?"

"மூச்சு முட்டுதுன்னேன். விளக்குப் புகையும் அதுவும்..."

"ஐயையோ," என்றாள். "ஐயையோ, மேல ஓட்டை!"

துண்டு எங்கோ போனது. அவள் பீரோவின்மேல் பாய்ந்து பிளாஸ்டிக் தாளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவர் கட்டியது எங்கே வரும்?

"மேல காத்துக்குப் போட்ட ஓட்டையெல்லாம் சேத்து மூடிட்டோம்டா! கொத்துற நேரத்துல அதுங்களுக்கு மூச்சு வேணும்டா! சூடு சூடுன்னு மூச்ச நிறுத்திட்டோம்! கத்தி எங்க? ஏங்க, கத்திய எடுங்க!"

கத்தி, கத்திரிக்கோல், தம்பியின் இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயர், எல்லாம் வந்தன. நாலு பேரும் நாலு பக்கமும் அறுத்தார்கள். பார்சல் தன் முடிச்சுகளைத் தானே வெட்டும்போது ஒவ்வொன்றுக்கும் தன்னையே திட்டிக்கொண்டார். தையல்காரம்மாவின் விரிப்பு ஒன்று குறுக்கே கிழிந்தது. அவள் வாய் திறக்கவில்லை. மேல் ஓட்டைகள் தெரிந்தன. காற்று வராத பக்கத்து ஜன்னலைத் தம்பி திறந்துவிட்டான். வாசற்கதவையும் மறுபடி திறந்து போட்டான். பக்கங்களில் மட்டும் விரிப்பை விட்டுவைத்து, கோழியக்கா புதிதாக வெந்நீர் வைத்தாள்.

பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. தம்பி தலையைத் துவட்டாமல் துண்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அவள் பீரோவின் மரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மழை இன்னொரு தடவை வந்து போனது.

முதலில் கேட்டது தையல்காரம்மாவுக்கு. "ஏ, உஸ்ஸு," என்றாள். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

ஒரே ஒரு குரல். இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது. பிறகு இரண்டும் நின்று, அவள் மூச்சும் நின்று, மறுபடி மூன்றாவது ஒன்று எங்கோ கீழ்த்தட்டிலிருந்து கோபமாகக் கத்தியது. பார்சல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு முட்டையின் தொப்பி நகர்ந்தது. நகர்ந்து நின்றது. உள்ளேயிருந்து ஈரமான ஏதோ ஒன்று முட்டிக்கொண்டு வெளியே விழுந்தது. குஞ்சு என்று சொல்ல முடியாத, நனைந்த திரி போன்ற ஒன்று. கழுத்தைத் தூக்கப் பார்த்து முடியாமல் கிடந்தது. பிறகு தூக்கியது.

"கதவத் தொறந்து எடுக்கலாமா?" என்றார் பார்சல்.

"தொட்டீங்கன்னா கைய ஒடிப்பேன்."

எல்லா முட்டையும் பொரிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேல்தட்டில் ஒரு வரிசை கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆனால் ஷெட்டில் அவள் இடத்துக்கு மேஸ்திரி வேறு ஆள் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பொரித்தது. அன்று சாயங்காலம் அந்தக் கணக்கெல்லாம் யாருக்கும் தெரியாது. மூன்று குஞ்சு வெளியே வந்திருந்தது, நாலாவது பாதி வந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்போது தம்பிக்குப் போன் வந்தது. ஆபீஸ். சரி சரி என்று கேட்டுக்கொண்டு வைத்தான்.

"காத்து குறைஞ்சிடுச்சாம். லைனப் பாத்துட்டுப் போடச் சொல்றாங்க." மழைச்சட்டையை எடுத்தவன் தயங்கினான். பீரோவைப் பார்த்தான். "அக்கா, அந்த வளைவுக் கம்பியக் கழட்டி விட்டுட்டா உன் தெருவ மட்டும் தனியாப் பிரிக்கலாம். ஊருக்கு முன்னாடி உனக்குப் போட்டுட முடியும். போடட்டுமா?"

காலையில் அவள் கேட்டது இதைவிடக் குறைவு. வெப்பமானி மறுபடி கொஞ்சம் இறங்கியிருந்தது. நாலாவது குஞ்சு தொப்பியை முட்டிக்கொண்டிருந்தது. வெளியே, தெரு முனையில், தண்ணீர் இன்னும் மின்கம்பத்தின் அடியில் நின்றது. இரண்டு பேர் விளக்கில்லாமல் அதில் இறங்கிப் படகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். யார் என்று இங்கிருந்து தெரியவில்லை.

"வேணாம்டா," என்றாள். "முனையில ஆளுங்க போறாங்க பாரு. கடற்கரைத் தெருவ முழுசா நடந்து பாரு. தண்ணி வடியட்டும். எல்லாருக்கும் போடும்போது எனக்கும் போடு."

"விடிஞ்சிடும்க்கா."

"விடியட்டும். இதுங்களுக்கு நான் இருக்கேன்ல? ஏங்க, அடுப்புல இன்னொரு பானை ஏத்துங்க."

பார்சல் பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலக் கதவின் கொண்டியில் கை வைத்தான்.

"சாத்தாத," என்றாள் அவள், இழுப்பறையிலிருந்து தலையை எடுக்காமல். "அது பாட்டுக்குத் தொறந்திருக்கட்டும்."